மனச்சாட்சியும் அரசதிகாரமும்

தன் மதம் ஒன்றே சத்தியம் என்று திடமாக நம்புகிற ஒருவன், அந்த நம்பிக்கையின் காரணமாகவே பிறர் மதத்தில் கைவைக்க மறுக்க முடியுமா? ரோஜர் வில்லியம்ஸ் என்ற பியூரிட்டன் போதகரின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் இக்கேள்வியே என் நெஞ்சை ஆட்கொள்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போக மனமின்றிக் கடல் கடந்து மாஸச்சூஸெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள், தாங்கள் பட்ட நிர்ப்பந்தத்தையே பிறர்மீது சுமத்தத் துணிந்தபோது, கடவுளைக் குறித்த கட்டளைகளை மீறியவனைத் தண்டிக்க அரசாங்கத்துக்கு அதிகாரமில்லை என்றும், பூர்வகுடிகளின் நிலத்தை அரசரின் சாஸனத்தைக் காட்டி எடுத்துக்கொள்வது அநியாயம் என்றும் வில்லியம்ஸ் வாதித்தார். 1635இல் நாடுகடத்தும் தீர்ப்பு வந்தது. கடுங்குளிரில், பனியினூடே வெளியேறியவர், நாரகான்ஸெட் பூர்வகுடித் தலைவர்களான கனானிக்கஸும் மியாண்டனோமியும் அளித்த நிலத்தில் 1636இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை ஸ்தாபித்தார். லௌகிக விஷயங்களில் மட்டுமே பெரும்பான்மையின் முடிவுக்குக் கட்டுப்படுவது என்று அங்கே குடியேறியவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்த ‘மட்டுமே’ எத்தனை பெரிய புரட்சி!

இதை அசிரத்தையில் பிறந்த தாராளம் என்று எண்ணிவிடலாகாது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கொள்கையை வில்லியம்ஸ் மனப்பூர்வமாக வெறுத்தார். ஆயினும், 1660இல் மேரி டயர் என்ற குவேக்கர் மாதைப் பாஸ்டன் நகரம் தூக்கிலிட்ட காலத்தில், பிராவிடன்ஸ் அடங்கிய ரோட் ஐலண்ட் காலனி குவேக்கர்களை வாழவிட்டது. கட்டாயத்தால் வரும் வழிபாடு தெய்வ அபசாரமே என்று கருதியவருக்கு வாதம் ஒன்றே ஆயுதம். 1672இல், 70 வயதை நெருங்கியிருந்த அக்கிழவர், தாமே துடுப்பு வலித்து நாள் முழுவதும் படகில் பிரயாணம் செய்து, குவேக்கர்களோடு தர்க்கம் புரிய நியூபோர்ட் சென்றார். அந்த ஆண்டு காலனியின் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த நிக்கலஸ் ஈஸ்டன் ஒரு குவேக்கர்.