பக்கத்துக் குழந்தையின் தட்டு

உறையூரில் நம் சமயத்தார் இல்லங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. அவற்றுள் ஒன்றிலிருந்து இளந்தாய் ஒருவர் அண்மையில் எம்மைத் தேடி வந்தார். நான்கு வயது மகனைத் தெருக்கோடியிலுள்ள அங்கன்வாடிக்கு மூன்று திங்கள் அனுப்பியவர், மாமியாரின் சொல்லுக்கு அஞ்சி நிறுத்திவிட்டார். (அங்கன்வாடி என்பது அரசின் பெயர், தெருவில் இன்றும் அது பால்வாடிதான்.) காரணம் முட்டை. வாரத்தில் சில நாள் அங்கே பிள்ளைகளுக்கு அவித்த முட்டை உண்டு. தம் மகனுக்கு வேண்டா என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார், பணியாளரும் வைப்பதில்லை. ஒருநாள் புதிதாக வந்த உதவியாளர் அறியாமல் வைத்துவிட்டார். குழந்தை அதனை உண்ணவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த தறிக்காரர் வீட்டுப் பிள்ளையின் தட்டில் எடுத்து வைத்துவிட்டான். வீட்டிற்கு வந்து அதைப் பெருமையாகவும் சொன்னான்.

பாட்டியார் திடுக்கிட்டார். தான் உண்ணாமை மட்டும் போதுமா, பிறர்க்கு ஊட்டலாமா என்பது அவர் கேள்வி. தாயார் எம்மிடம் கேட்டது வேறு: "பிள்ளை செய்தது பாவமா, டீச்சர்?"

பாட்டியாரின் கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உள்ளத்தால் உடன்படுதல் ஆகிய மூன்று வழியாலும் வினை வந்தடையும் என்பது நம் நெறி. கிருதம், காரிதம், அனுமோதனை என்று ஆன்றோர் வகுத்தனர். இக்காலத்து முட்டையில் உயிரில்லை என்று சிலர் சமாதானம் கூறுவதையும் நாம் ஏற்பதற்கில்லை. நாமக்கல் பண்ணைகளில் கம்பிக் கூண்டுக்குள் ஆயுளைக் கழிக்கும் கோழியை ஒருமுறை கண்டவர் அவ்வாறு பேசமாட்டார். முட்டை நமக்கு ஆகாது, அதில் ஐயமில்லை.

ஆனால் விரதம் என்பது அறிந்து ஏற்பது. எட்டு ஆண்டு நிறைந்த பின்னரே அதனை ஏற்கும் தகுதி உண்டாகிறது என்பது நம் மரபு. நான்கு வயதினனிடம் இருப்பது விரதமன்று, வீட்டு வழக்கம். மேலும், கவனமின்மையாலும் தீய உள்ளத்தாலும் உயிர்க்கு ஊறு விளைவிப்பதையே தத்துவார்த்த சூத்திரம் இம்சை என வரையறுக்கிறது. அக்குழந்தையின் உள்ளத்தில் அந்நேரம் இருந்தது என்ன? தனக்கு வேண்டாதது வீணாகக் கூடாது, பக்கத்தில் இருப்பவனுக்குப் பசிக்கிறது என்பவையே. இதனைப் பாவம் என்று அவனிடம் சொன்னால், கொல்லாமையை அவன் கற்கமாட்டான். பகிர்ந்துண்ண அஞ்சுவதையே கற்பான். அம்மூன்று திங்களில் அவன் பெற்ற பெரும் பாடம் அதுவே என்பது எம் எண்ணம்.

அந்தத் தட்டு எவ்வாறு வந்தது என்பதையும் நம்மவர் நினைவிற் கொள்ளவேண்டும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. தமிழக அரசின் சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த இடம் நம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சி. முதலில் சிற்றூர்களுக்கு, அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும். அப்போது சோறும் சாம்பாருமே. முட்டை 1989-இல்தான் வந்தது, அதுவும் இரு வாரத்திற்கு ஒன்றாக. இத்திட்டத்திற்கு முந்தைய வகுப்பறைகளை நாம் அறிவோம். காலை வழிபாட்டில் நிற்க மாட்டாமல் அமர்ந்துவிடும் பிள்ளையிடம் காரணம் கேட்கும் ஆசிரியர் அன்று எவருமில்லை; எல்லோர்க்கும் தெரியும்.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைத் தானம் நமக்கு விதிக்கப்பட்டுள்ளது. ஓர் அங்கன்வாடியில் அரைநாள் அமர்ந்து பார்த்தால் நான்கும் அங்கே நடக்கக் காணலாம். நண்பகலில் சோறு, தடுப்பூசிக்கு வழிகாட்டல், ஐந்து வயது வரை ஆறு திங்களுக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு, பாட்டும் கதையும் மணி கோத்தலும், தாய் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் ஓர் அஞ்சாத இடம். நடத்துபவர் சமணர் அல்லர் என்பதால் அது தானம் ஆகாமற் போய்விடுமா?

இப்போது நம்மவருள் சிலர், அங்கன்வாடிகளில் முட்டையையே நிறுத்த மனு கொடுக்கவேண்டும் என்கின்றனர். 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக்கு முட்டை வழங்கும் முன்மொழிவை அம்மாநில அரசு ஏற்க மறுத்ததை எடுத்துக்காட்டுகின்றனர். நாம் இதற்கு உடன்படோம். நம் நோன்பு நம்மைக் கட்டுவது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டில் பாலும் நெய்யும் இல்லை. அவன் தட்டிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்லும் நாம், அதற்கு ஈடாக எதை, எத்தனை நாளைக்கு வைப்போம் என்று சொல்லவேண்டுமல்லவா? அதைச் சொல்லிய மனு எதனையும் இதுவரை நாம் கண்டதில்லை.

இவ்விடத்தில் கவுந்தியடிகளை நினையாதிருக்க இயலவில்லை. வயல்வழி நடக்கையில் நண்டும் நத்தையும் காலடியிற்பட்டு நோகுமே என்று கண்ணகியையும் கோவலனையும் எச்சரித்த அப்பெருமாட்டியே, அவ்விருவரையும் இகழ்ந்து பேசிய இருவரைச் சினந்து நரியாகுமாறு சபித்தார். கண்ணகியும் கோவலனும் அது அறியாமையால் நேர்ந்தது என்று இரந்து நின்றனர். பன்னிரு திங்கள் உறையூர்க் காவற்காட்டில் உழன்றபின் பழைய உருப்பெறுக என்று அடிகள் சாபத்திற்கு எல்லை வகுத்தார். நெறியிற் சிறந்த துறவியே இல்லறத்தார் சொல்லுக்கு இரங்கினார். பிறர் உணவைக் கண்டு முகஞ்சுளிக்குமாறு பிள்ளைக்குக் கற்பிப்பவர்க்கு இவ்வூர்க் கதை தெரியாதா!

நம் வீட்டுப் பிள்ளையின் உணவிலும் கவனம் வேண்டும். முட்டையை விலக்கினோம் என்ற நிறைவில் பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்து வளர்ப்பது அகிம்சை அன்று. தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலிற் சேரவிடாது. பருப்புஞ்சோறும் நெய்யும், கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, கடலையுருண்டை ஆகியவை நம் பாட்டிமார் அறிந்தவையே. முட்டையும் ஊனும் உண்ணாத பிள்ளைக்கு வைட்டமின் பி12 பாலிலும் தயிரிலும்தான் கிடைக்கும், அவற்றைக் குறைத்தலாகாது. பொழுது சாய்வதற்குமுன் உண்ணும் வழக்கத்தைக் குழந்தைக்குப் பழக்க விரும்புவோர் மாலை ஐந்தரைக்கே நிறைவான சோறு ஆக்கி வைக்கவேண்டும். தொலைக்காட்சித் தொடர் முடியட்டும் என்று காத்திருந்து, பின் பிள்ளையைப் பசியோடு படுக்கவைப்பது நோன்பாகாது. சிறுவயிறு ஒரே வேளையில் மிகுதியாகக் கொள்ளாது; பகலில் நான்கைந்து முறை சிறிது சிறிதாகக் கொடுத்தலே முறை.

தாயாரிடம் இவற்றைச் சொன்னோம். பாட்டியாரை நேரிற் கண்டும் பேசினோம். பிள்ளையிடம், "எனக்கு வேண்டா, எங்கள் வீட்டில் உண்பதில்லை" என்று உதவியாளரிடம் முன்னரே சொல்லப் பழக்குமாறு கேட்டுக்கொண்டோம். தட்டில் விழுந்தபின் எழும் சிக்கல் அதனால் எழாது. பள்ளிச் சத்துணவில் முட்டை உண்ணாத மாணவர்க்கு வாழைப்பழம் தரும் வழக்கம் இருப்பதையும் எடுத்துச் சொன்னோம்.

அன்று அவன் எடுத்து வைத்த முட்டையைப் பற்றிப் பாட்டியார் இன்னும் எம்மோடு உடன்படவில்லை. அது காரிதமே என்கிறார். இருப்பினும் சென்ற திங்கட்கிழமை முதல் பேரனை அவரே கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார். பணியாளரின் ஒப்புதல் பெற்று, மையத்துப் பிள்ளைகள் அனைவர்க்கும் கடலையுருண்டை செய்து எடுத்துச் செல்லவும் தொடங்கியுள்ளார்.