999, 50, 130

முல்லைப் பெரியாறு அணையின் ஆயுள் பற்றி மதுரை டீக்கடைகளில் சந்தேகமே கிடையாது. "பென்னிகுயிக் கட்டுனது, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வண்டிப்பெரியாரில் கேட்டால், ஐம்பது வருஷத்துக்குக் கட்டியது, எப்போதோ காலாவதி என்பார்கள். 1886 ஒப்பந்தம் 999 வருஷம் என்கிறது. அது நிலத்துக்கான குத்தகை, சுவருக்கான உத்தரவாதம் இல்லை.

ரிச்சர்ட் காட் என்ற வானியற்பியலாளர் 1969இல் பெர்லின் சுவரைப் பார்த்தார். அப்போது அதற்கு 8 வயது. சுவரின் வாழ்நாளில் தான் வந்து நிற்கும் நேரத்துக்குத் தனி விசேஷம் ஏதுமில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டு, அது இன்னும் 2⅔ முதல் 24 ஆண்டு வரை நிற்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கணக்கிட்டார். 1989இல் சுவர் விழுந்தது. இதே கணக்கை 1895இல் முடிந்த நம் அணைக்குப் போட்டுப் பார்த்தேன். வயது 130. நூற்றுக்கு 95 நிச்சயம் வேண்டுமென்றால் விடை: 3 வருஷம் 4 மாதம் முதல் 5,070 வருஷம் வரை! இதை வைத்து ஒரு ஷட்டரைக்கூட இறக்க முடியாது.

இதே போன்ற அணைகளோடு ஒப்பிடலாம்தான். ஆனால் எது 'இதே போன்றது'? சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய சுவர். 1979க்குப் பிறகு அதன்மேல் கான்கிரீட் தொப்பி, உள்ளே எஃகுக் கம்பி நங்கூரங்கள், பின்னால் கான்கிரீட் முட்டு. எந்தப் பகுதியின் வயதை எண்ணுவது?

சரி, எண்ணிவிட்டோம், வருஷத்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்று விடை வந்ததாகவே வைத்துக்கொள்வோம். அது போதுமா என்று புள்ளியியல் சொல்லாது. தண்ணீர் மேலூர் கடைமடைக்கு வருகிறது. அந்த ஒன்று பலித்தால் வெள்ளம் வண்டிப்பெரியாருக்குப் போகும். 'போதும்' என்கிற நாங்கள் அணைக்குக் கீழே குடியிருக்கவில்லை. 1979இல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தபோது காய்ந்த வயல்களும் அவர்களுடையவை இல்லை.

2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்து, கண்காணிக்க இரு மாநிலப் பிரதிநிதிகளோடு மூவர் குழுவும் அமைத்தது. அடியை நாங்கள் கொண்டாடினோம். எனக்கு முக்கியமாகப் படுவது குழுதான். கசிவின் அளவை, கருவிகளின் வாசிப்பை, இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே நாளில் பார்க்க அது ஒரு வழி. ஆனால் டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "நீங்க எந்த ஊரு தம்பி?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.