யாருடைய வினை?

2020 ஆகஸ்ட் 5. போலந்தின் கட்டோவிட்சே நகரில் டூர் ஆஃப் போலந்து சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள் முடிவுக்கோடு. கடைசி சில நூறு மீட்டர் முழுக்க இறக்கம். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்னால் போன டைலன் குரூனவேகன் தன் தடத்தை விட்டு வலப்பக்கம் சாய்ந்தார். அந்த இடுக்கில் அவரைத் தாண்ட முயன்ற ஃபாபியோ யாகோப்சன் ஓரத் தடுப்பில் மோதினார். தடுப்பு பிய்த்துக்கொண்டு போனது. யாகோப்சன் முகத்தில் மட்டும் 130 தையல். மருத்துவர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

குரூனவேகனுக்கு ஒன்பது மாதம் தடை. கொலை மிரட்டல்கள் வந்து, அவர் வீட்டுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. குற்றவாளி யார் என்பதில் உலகத்துக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வினை முழுக்க அவர் ஒருவருடையதுதானா?

இந்த ஓட்டத்தின் சூட்சுமம் காற்றில் இருக்கிறது. முன்னால் போகிறவர் காற்றைப் பிளக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்பவருக்குக் கணிசமான உழைப்பு மிச்சம். அணித் தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக இழுத்துக் களைத்து விலக, கடைசி 200 மீட்டரில் வேக ஓட்டக்காரர் தனியே பாய்வார். பாய்ந்த பிறகு தேர்ந்தெடுத்த தடத்தை மாற்றக்கூடாது என்பது விதி. பின்னால் வருபவர் நம்பியிருப்பது அந்த ஒற்றை விதியைத்தான். தலையில் லேசான ஹெல்மெட், உடம்பில் மெல்லிய துணி. வேறு காப்பு கிடையாது.

'ஆபத்து தெரிந்துதானே வந்தார்கள்' என்பார்கள். தருமபுரிக்காரர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்கு நட்ட நடுகற்கள் இந்த மாவட்டம் முழுக்கக் கிடைக்கின்றன. விரும்பி ஏற்ற ஆபத்தை இந்த மண் கும்பிட்டிருக்கிறது. ஆனால் அந்த வீரன் எதிரியின் அம்பை எதிர்பார்த்துப் போனான். யாகோப்சன் தன்னைச் சக ஓட்டிகளிடமும், பாதையை அமைத்தவர்களிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனவர். போட்டிக்குக் கொடுத்த சம்மதத்தை அலட்சியத்துக்கும் கொடுத்த சம்மதமாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

அலட்சியம் எப்போது இம்சையாகிறது? இதைச் சமணம் அளவுக்கு நுணுகி ஆராய்ந்த மரபு இல்லை. இன்றைய தருமபுரியான தகடூரில் சமணப் பள்ளி இருந்ததை 9ஆம் நூற்றாண்டின் நுளம்பர் காலக் கல்வெட்டு சொல்கிறது. சமணர்களின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு வகுத்த இலக்கணத்தில், உயிர் போவது மட்டுமே இம்சை ஆகிவிடாது. கவனம் தவறிய மனத்தோடு செய்த செயலால் உயிருக்குக் கேடு வருவதே இம்சை. உரையாசிரியர் பூஜ்யபாதர் இன்னும் தெளிவாக்குகிறார்: பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும் துறவியின் பாதத்தடியில் ஒரு பூச்சி நசுங்கினாலும் அவரைப் பாவம் ஒட்டாது, கவனமின்றி நடப்பவன் எதையும் மிதிக்காவிட்டாலும் இம்சை செய்தவனே. அதனால்தான் துறவி ஒரு நுகத்தடி நீளம் முன்னே பார்த்து நடக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

நுகத்தடி என்பது சுமார் நான்கு முழம். நடக்கிறவருக்கு அது போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் நொடிக்கு 22 மீட்டர் தாண்டுகிறது. அந்த நான்கு முழம் நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கவனம் செலுத்த அங்கே நேரமே இல்லை. குரூனவேகன் விலகியது தவறுதான், தண்டனையும் நியாயம்தான். ஆனால் கவனத்துக்கு நிறைய நேரம் இருந்தவர்கள் வேறு ஆட்கள். வரைபடத்தை விரித்து, இறக்கத்தில் கோடு போட்டு, கழன்றுவிடும் தடுப்பை ஓரத்தில் நிறுத்தியவர்கள். பூஜ்யபாதரின் கணக்குப்படி, விபத்து நடக்காத ஆண்டுகளிலும் அது இம்சையே.

தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாயில் இதே கேள்வி லாரி வடிவில் வருகிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் டிரைவர் மேல் பழி விழுகிறது. அதில் உண்மையும் உண்டு. 2020 டிசம்பரில் ஒரே விபத்தில் நால்வர் செத்தார்கள், 2024 ஜனவரியில் இன்னும் நால்வர். இத்தனை டிரைவர்கள் ஒரே இடத்தில் தவறுகிறார்கள் என்றால், சாலையையும் விசாரிக்க வேண்டாமா? அங்கே உயர்மட்டச் சாலை கட்ட முடிவானதே, சரிவுக்கும் இதில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதுதான்.

சைக்கிள் உலகமும் மெல்லத் திருந்துகிறது. சமதளக் கட்டங்களில் கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தவருக்கு, கூட இருந்த கூட்டத்தின் நேரத்தையே தரும் விதி ஏற்கெனவே உண்டு. தேவைப்பட்டால் அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டராக நீட்டவும் இப்போது இடம் இருக்கிறது. மொத்தப் பட்டத்துக்குப் போட்டியிடுபவர்கள் அந்த நெரிசலில் முட்டிமோத வேண்டியதில்லை. 2025 முதல், ஆபத்து உண்டாக்குபவர்களை எச்சரிக்க மஞ்சள் அட்டை வந்திருக்கிறது. இறக்கத்தில் கோடு போடாததால் பந்தயத்தின் சுவை துளியும் குறையாது. சமதளத்திலும் வேகமானவர்தான் ஜெயிப்பார். 2022 டூர் டி பிரான்ஸில், டென்மார்க் சாலைகளில், மீண்டு வந்த யாகோப்சன் ஒரு நாள் வென்றார். மறுநாள் குரூனவேகன் வென்றார்.

2026 ஜனவரியில் புனேயில் சர்வதேசத் தரத்தில் பல நாள் பந்தயம் நடந்தது. தமிழ்நாட்டு மலைச்சாலைகளுக்கும் அப்படி ஒன்று வரலாம். வரட்டும். முடிவுக்கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரிகள், அதற்கு முன் தொப்பூரில் லாரி இறக்கும் டிரைவர்களோடு ஒரு நடை போய் வரட்டும்.