பத்துக் காசின் அறம்

நீதி கேட்பவன் நீதி செய்பவனாகவும் இருத்தல் வேண்டும். இஃது எளிய உண்மை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்பொழுது இவ்வுண்மையை எளிதில் மறந்துவிடுகிறது. பிறர் தனக்கிழைத்த கொடுமையை அது நினைவிற் கொள்கிறது. தனக்குள்ளே நிகழ்ந்த கொடுமையைப் பேசாது விடுகிறது.

பினாங்கின் கெலுகோர்க் கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு ஜெரஜாக் தீவு தெரியும். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பெற்ற தீவு அது. அங்கிருந்து தோட்டங்களுக்குச் சென்றோருள் பெண்களும் இருந்தனர். இருள் பிரியுமுன் எழுந்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, வாளி சுமந்து, லயத்திற்குத் திரும்பி அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். 1928ஆம் ஆண்டளவில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு வகுக்கப்பெற்ற நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு.

அந்தப் பத்துக் காசு எங்கே போயிற்று? முதலாளியின் கணக்கிற் சேர்ந்தது என்பது ஒரு விடை. ஆயின், லயத்து வீட்டிற்குள்ளும் அவள் மதிப்பு பத்துக் காசு குறைந்தே நின்றது. மகன் பள்ளிக்குச் சென்றான். மகளோ தம்பியை இடுப்பிற் சுமந்து வீட்டிலிருந்தாள். துரை வைத்திருந்த அளவுகோலையே அவளுடைய சொந்த இனத்தாரும் கையில் எடுத்தனர்.

இந்நிலை தமிழ்ப் பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. 1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. பிழைப்பு நாடியும் கட்டாயத்தாலும் ஜப்பானுக்குச் சென்ற கொரியர் பலர். 1952இல் அவர்தம் ஜப்பானியக் குடியுரிமை ஒரே நாளில் பறிபோயிற்று. அவ்வினப் பெண்கள் நாட்டில் அந்நியராகவும் வீட்டில் இரண்டாம் இடத்தினராகவும் வாழ்ந்தனர். முதுமையில் இரவுப் பள்ளியில் அமர்ந்து முதன்முதலாக எழுத்துக் கற்றோரும் அவருள் உண்டு. சிறுபான்மை இனத்தின் துயரம், அவ்வினத்துப் பெண்ணின் தோளில் இரட்டைச் சுமையாகிறது.

முதலில் இனத்தின் உரிமை, பிறகு பெண்ணின் உரிமை என்பார் உளர். கூரை எரியும்போது வீட்டுப் பங்கு பேசலாமா என்பது அவர் கேள்வி. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பிளவுபட்ட இனம் வலுவிழக்கும் என்பது உண்மையே. எனினும், இனத்திற் பாதி பெண்ணன்றோ? பாதிப்பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர் எந்த இனத்தைக் காக்கப் போகிறார்? பொறுத்திரு என்பதே ஆண்டவர்கள் ஆளப்பட்டோரிடம் என்றும் சொன்ன சொல். அதே சொல்லைத் தன் இல்லத்துப் பெண்ணிடம் சொல்பவர் ஆண்டவரைக் குறைகூறுவது எங்ஙனம்?

1943இல் சிங்கப்பூரில் அமைந்த ஜான்சிராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தனர். இந்திய மண்ணையே காணாதவர் அவருட் பலர். அப்படையில் இருந்த ரசம்மா பூபாலன் பின்னாளில் ஆசிரியையானார். ஒரே பாடத்தைக் கற்பித்தாலும் ஆசிரியைக்கு ஊதியம் குறைவாயிருந்த காலம் அது. 1960இல் பெண் ஆசிரியர்க்கெனச் சங்கம் அமைத்து, சம வேலைக்குச் சம ஊதியம் கோரிப் போராடினார். அக்கோரிக்கை படிப்படியாக நிறைவேறிற்று. தோட்டத்திலே தொலைந்த பத்துக் காசு பள்ளிக்கூடத்திலே மீட்கப்பட்டது எனலாம். 2001இல் மலேசிய அரசமைப்பின் எட்டாம் பிரிவும் திருத்தப்பெற்று, பால் வேறுபாடு காட்டுதல் தடைசெய்யப்பட்டது.

சட்டம் வாசல் வரைதான் வரும். அடுக்களையிலும், பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கும் இடத்திலும், முன்னோர் கதை சொல்லும் வகுப்பறையிலும் மனச்சான்றே நீதிபதி. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கிய பாட்டன் பெருமையை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், அதே காட்டில் அதே வாளியைச் சுமந்த பாட்டியின் பெருமையையும் சொல்லுதல் வேண்டும். அவளுக்குத் தர வேண்டிய கடன் இன்னும் தீரவில்லை. அதனைத் தீர்க்கும் சமுதாயமே பிறரிடம் நிமிர்ந்து நின்று நீதி கேட்கும் தகுதி பெறும்.