பசித்த மீனும் பவளப்பூச்சியும்

கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, அதில் உயிருள்ள பவளங்களை வளர்ப்போர் பல நாடுகளில் உளர். தொட்டியில் பாசி மண்டாதிருக்க, பாசியுண்ணும் ஓரா மீனையும் சர்ஜன் மீனையும் உடன் விடுவர். சில நாள் சென்றபின் அம்மீன் பவளத்தையே கொறிக்கத் தொடங்குவதுண்டு. எவ்வுயிரைக் காப்பது, எதனை அகற்றுவது என வளர்ப்பவர் திகைக்கிறார். இத்திகைப்பினுள் இல்லறத்தார் அனைவரும் எண்ணத்தக்க ஓர் அறவினா அடங்கியுள்ளது.

பவளம் கல்லுமன்று, பூவுமன்று. வாயும் கொட்டும் இழைகளும் உடைய சிறு பூச்சிகள் பல கூடி வாழும் கூட்டுயிர் அது. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியினால் உணவாக்கி அதற்கும் ஈகின்றன. ஓயாது கொறிக்கப்படும் பவளம் விரியாது சுருங்கி, நலிந்து மடியும். ஆகவே வாளாவிருத்தல் தகாது.

அங்ஙனமாயின் மீன் குற்றவாளியோ? கடலில் பவளத்தைக் காப்பவை பாசியுண்ணும் உயிர்களே. 1983-84ஆம் ஆண்டுகளில் கரீபியக் கடலில் பாசியுண்ணும் கடல் முள்ளெலிகள் நோயால் பெருவாரியாக மடிந்தன. மிகுதியான மீன்பிடிப்பினால் பாசியுண்ணும் மீன்களும் குறைந்திருந்த ஜமைக்காவில், பாசி பெருகிப் பவளங்களை மூடியது.

கடலில் காவலாயிருக்கும் மீன் தொட்டியில் பகையாவது ஏன்? பாசி சத்துக் குறைந்த உணவு. ஆதலின் அம்மீன்கள் பகல் முழுதும் மேய்ந்தே வாழ்வன. தூய தொட்டியில் பாசி விரைவில் தீர்ந்துவிடுகிறது. வளர்ப்பவரோ நாளுக்கு ஒருமுறை இரை தூவி அமைகிறார். பசித்த வாய் சதைப்பற்றுள்ள பவளத்தை நாடுகிறது.

தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல். மாட்டையும் குதிரையையும் எண்ணியே இவற்றைப் பயில்கிறோம். ஆனால் கண்ணாடிச் சுவரும் ஒரு கட்டே; போதாத இரையும் உணவைத் தடுத்தலே. அடைபட்ட உயிர் தானே இரை தேடும் வழியை இழந்தது. அக்கடமை அடைத்தவரைச் சேர்ந்தது. பட்டினிப் பசு அயலார் பயிரில் வாய் வைத்தால் ஊரார் பசுவையா வினவுவர்?

கழுவாய் எளிது. உலர்ந்த கடற்பாசித் தாளைக் கவ்வியில் மாட்டித் தொட்டியில் நாள்தோறும் வைக்கலாம். இரையைச் சிறுசிறு அளவாகப் பலமுறை இடலாம். வயிறு நிறைந்தபின்னும் சில மீன்கள் கொறிப்பதுண்டு. அவற்றை வெறுத்து ஒறுக்காமல், பவளமில்லாத பெருந்தொட்டிக்கு மாற்றுதலே முறை.

அழகிற்காக ஓர் உயிரை அடைக்குமுன், அதன் பசியை அது வாழும் நாளெல்லாம் தீர்க்க இயலுமா என்று நெஞ்சைக் கேட்போமாக. இயலாதெனின், அடைக்காமையே அறம். கட்டாதிருத்தல் தலை, கட்டியபின் ஊட்டுதல் கடன். தொட்டி மீனுக்கு மட்டுமன்று, நம் வீட்டுத் தொழுவத்திற்கும் கூண்டிற்கும் இஃது ஒக்கும்.