கடைசிப் பந்தி

கருவுற்றவள் தனக்கோ தன் குழந்தைக்கோ கேடு நேருமென அஞ்சினால், ரமலான் நோன்பைப் பிறிதொரு காலத்துக்குத் தள்ளிவைக்க மார்க்கம் இடந்தருகிறது. கடமையான நோன்பே அவள் உணவுக்கு வழிவிட்டு நிற்கிறது. நம் வீட்டுப் பந்தி வழிவிடுகிறதா?

1928ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களை வாட்டிய கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். மிகக் குறையுள்ள உணவை உண்டவர்களும், அந்நோய்க்கு மிகுதியாக ஆளானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களே எனக் கண்டார். மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் உலகுக்கு அறிவித்தார். அதில் இருந்த உயிர்ச்சத்தை 1941இல் பசலைக்கீரையிலிருந்து திரட்டியவர்கள் அதற்கு ‘ஃபோலிக் அமிலம்’ எனப் பெயரிட்டனர். இலத்தீனில் ‘ஃபோலியம்’ என்றால் இலை.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய இச்சத்து வேண்டும். கருவிலோ உயிரணுக்கள் ஓயாது பெருகுகின்றன. எலும்பு மஜ்ஜை ஆயத்தமாகும் வரை, நடு மாதங்களில் குழந்தைக்கு இரத்த அணுக்களை ஆக்கித் தருவது அதன் சின்னஞ்சிறு ஈரலே. தாயிடம் சத்துக் குறைந்தாலும், நஞ்சுக்கொடி உள்ளதைத் திரட்டிக் குழந்தைக்கே முதலில் அனுப்புகிறது. ஆகவே முதலில் வெளுத்துப்போகிறவள் பெரும்பாலும் தாயே. குறை மிகுந்தால் குழந்தையும் தப்புவதில்லை. மூளையும் தண்டுவடமும் ஆகவிருக்கும் குழல், கருத்தரித்த ஏறத்தாழ 28 நாள்களில் மூடிக்கொள்ள வேண்டும். அது மூடாமற் போவதை, கருத்தரிக்கு முன்பே உண்ணத் தொடங்கும் ஃபோலிக் அமிலம் பெருமளவு தடுக்குமென 1991இல் நிறுவப்பட்டது. அந்த 28 நாள்களில், தாம் தாயாகப் போவதையே பெண்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

நம் நாஞ்சில் நாட்டில் இலைக்கா பஞ்சம்? வளவில் முருங்கை நிற்கிறது. கடையில் சிறுபயறு கிடைக்கிறது. ஆயினும் ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, மாமியாரும் உண்டபின் மருமகள் அமரும்போது, பல வீடுகளில் எஞ்சுவது மரச்சீனிக் கிழங்கும் சட்டியின் அடிக்குழம்புமே.

“எடுத்து உண்ண வேண்டாமென்று யார் தடுத்தார்?” என்பர். ஒருவரும் தடுக்கவில்லை. பசித்திருப்பதை நற்குணமென்று புகழ்ந்தோம், அதுவே போதுமானதாயிற்று. தன் பங்கை விட்டுக்கொடுப்பது ஈகை. ஆனால் அவள் விட்டுக்கொடுப்பதில், வாய்திறந்து கேட்கவியலாத ஓர் உயிரின் பங்கும் கலந்திருக்கிறது. அதைக் கொடுக்க அவளுக்கு உரிமையில்லை. வாங்கி உண்ண நமக்கும் உரிமையில்லை.

மருத்துவமனை தரும் மாத்திரை தேவைதான். அதைக் காரணங்காட்டி உணவைக் குறைப்பது தகாது. கருவுற்ற செய்தி செவிக்கு எட்டட்டும் என்று காத்திராமல், மகளுக்கும் மருமகளுக்கும் முதற்பந்தியிலேயே தட்டு வைப்போமாக.