நற்செய்தி கொணர்வார் யார்?

சங்கரன்கோவிலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், பாங்கு நேரமல்லாத வேளையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தால் வீட்டிலிருக்கும் பெண்கள் கைவேலையை நிறுத்திக் காது கொடுப்பார்கள். மௌத்துச் செய்தியாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்னார் மகன் இன்னார், இன்ன தெரு, இத்தனை மணிக்கு நல்லடக்கம். சற்று நேரத்தில் ஊர் முழுதும் அறிந்துவிடுகிறது. ஜனாஸாவில் பங்குகொள்வது நம் கடமையாதலால் இந்த அறிவிப்பு வேண்டியதே. ஆனால் அதே தெருவில் ஒரு நெசவாளியின் மகள் செவிலியர் படிப்பில் தேறியதையோ, ஆண்டுக்கணக்கில் கடனில் அமிழ்ந்திருந்த ஒருவர் இறுதித் தவணையைக் கட்டி முடித்ததையோ நாம் எவ்வாறு அறிகிறோம்? பெரும்பாலும் அறிவதே இல்லை. அறிந்தாலும் ஆறு மாதம் கழித்து, வேறு ஏதோ பேச்சினிடையே அறிகிறோம்.

நன்மையை எதிர்நோக்கும் மனம் சிலருக்கு இயல்பாக அமைவது, சிலருக்கு அமையாதது என்று பலரும் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. நம்மைச் சூழ்ந்துள்ளோர் நமக்கு எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதைப் பொறுத்தும் அது அமைகிறது.

சங்கரன்கோவில் நெசவாளர் ஊர். ஒரு சேலையின் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. தறியில் வேலை செய்பவரின் கண் அவற்றுள் எதைத் தேடுகிறது? அறுந்த இழையைத்தான். அறாமல் ஓடுகின்ற இழைகளை அவர் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியதுமில்லை. அறுந்ததைக் கண்டு, தறியை நிறுத்தி, முடிச்சிட்டால்தான் துணி துணியாகும். மனித மனம் கேட்டினை முதலில் கவனிப்பதும் இத்தகையதே. அதைக் குறையென்று பழிப்பது பொருந்தாது. பிழை வேறிடத்தில் நேர்கிறது. மாலையில் வீடு திரும்பியவர் அறுந்த இழைகளை மட்டும் எண்ணிச் சொல்லி, நெய்து முடித்த சேலையைச் சொல்லாமல் விட்டால், அடுப்படியில் இருப்பவளுக்கும் பாடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் கிடைப்பது பாதிக் கணக்குத்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர்கள் உண்மையை அறியவில்லை.

கூலி உயர்வு கேட்டு விசைத்தறித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததை இவ்வூர் கண்டிருக்கிறது. நிறுத்தம் தொடங்கியது தேநீர்க் கடை தோறும் பேசப்படும். அது எவ்வாறு முடிந்தது, எத்தனை பைசா கூடிற்று என்று கேட்டால், தறிக்காரரைத் தவிர வேறெவரும் விடை சொல்லத் தடுமாறுவர்.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். நூல் விலை ஏறி வேலையிழந்து நிற்பவரிடம் போய், “கவலைப்படாதீர், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்வதை நாம் நற்செய்தி என்று குறிப்பிடவில்லை. அது ஆறுதல், சில வேளைகளில் ஆறுதலும் அன்று, சொல்பவர் அவ்விடத்தைவிட்டு நழுவுவதற்கான வழி. செய்தி என்றால் ஏதேனும் நடந்திருக்க வேண்டும். “பக்கத்து ஊரில் ஒருவருக்கு ஆள் தேவைப்படுகிறது, விசாரித்து வந்தேன்” என்பது செய்தி.

தந்தி இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நின்றது. பெருநாள் வாழ்த்து, திருமண வாழ்த்து, பிள்ளைப்பேற்று வாழ்த்து ஆகியவற்றிற்கென்று எண்ணிட்ட வாசகங்கள் அதில் இருந்தன. எண்ணைக் குறித்தால் போதும், வாழ்த்துப் போய்ச் சேரும். ஆயினும் தந்திச் சேவகர் தெருமுனையில் தோன்றியதுமே, உறையைப் பிரிக்கு முன்னரே, பல வீடுகளில் அழுகுரல் எழுந்தது. வாழ்த்து வந்த வீட்டிலும் முதலில் அழுகைதான்! நல்லது சொல்ல ஒருவன் இத்தனை விரைந்து வருவான் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

விரைந்து வந்தோர் வரலாறு நம்மிடம் இருக்கிறது. கவிஞரான கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாமல் மதீனாவில் தங்கிவிட்டார்கள். பிறர் சொன்னதுபோல் சாக்குச் சொல்லாமல், காரணம் ஏதுமில்லை என்ற உண்மையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் ஐம்பது நாட்கள் மதீனாவில் எவரும் அவர்களுடன் பேசவில்லை. ஐம்பதாம் நாள் காலை, சுப்ஹுத் தொழுகைக்குப் பின் அவர்களுடைய தௌபா ஏற்கப்பட்ட செய்தி அறிவிக்கப்பட்டது. உடனே ஒருவர் குதிரையைத் தட்டிவிட்டார். மற்றொருவர் ஸல்உ மலைமீது ஏறி, கஃபின் பெயர் சொல்லிக் கூவினார். குதிரையைக் குரல் முந்திற்று. கஃபு (ரலி) ஸஜ்தாவில் விழுந்தார்கள். குரலுக்குரியவர் நேரில் வந்தபோது தாம் உடுத்தியிருந்த இரு ஆடைகளையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அன்று அவர்களிடம் வேறு ஆடை இல்லை. இரவல் ஆடை உடுத்திப் பள்ளிவாசலுக்குச் சென்றார்கள். அங்கே தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து விரைந்து வந்து கைபற்றி வாழ்த்தினார்கள். முஹாஜிர்களில் வேறெவரும் எழவில்லை. அந்த ஒரு செயலைக் கஃபு (ரலி) தம் வாழ்நாளில் மறக்கவே இல்லை.

ஐம்பது நாள் மௌனத்தின் பாரத்தை அந்தக் குதிரைக்காரரும் மலையேறியவரும் உணர்ந்திருந்தனர். எப்படியும் பகலுக்குள் தெரிந்துவிடும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. நம் ஊர்ப் பக்கத்திலும் நல்லது சொன்னவர் வாயில் சர்க்கரை போடும் வழக்கம் உண்டு. இப்போது அந்தச் சர்க்கரை பேச்சளவில் மட்டும் நிற்கிறது.

சொல்லத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. கண்ணேறு பட்டுவிடும் என்று அஞ்சி, சம்பந்தம் பேசி முடித்ததையும் மகனுக்கு வேலை கிடைத்ததையும் மறைத்து வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. கண்ணேற்றை நம் மார்க்கம் மறுக்கவில்லை. அதிலிருந்து பாதுகாப்புத் தேடவும் கற்பித்திருக்கிறது. கனவில் பதினொரு விண்மீன்களும் சூரியனும் சந்திரனும் பணியக் கண்ட யூசுப் நபி (அலை) அவர்களிடம், அதை உன் சகோதரர்களுக்குச் சொல்லாதே என்று தந்தை யஃகூப் நபி (அலை) தடுத்தார்கள் அல்லவா? ஆனால் அந்த வரலாறு அங்கே முடிவதில்லை. மகனைப் பிரிந்து அழுது கண்ணொளி இழந்த அதே தந்தையிடம், ஆண்டுகள் பல கழித்து, யூசுபின் சட்டையைச் சுமந்து ஒருவர் வருகிறார். நற்செய்தி கொணர்பவர் என்றே திருமறை அவரைக் குறிக்கிறது. பஷீர் என்பது அச்சொல். நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்பெயரைச் சூட்டியிருக்கிறோம்! மறைக்கச் சொன்னவரே நற்செய்திக்காகக் காத்திருந்தவருமாவார். தீங்கு நினைப்போரிடம் மறைப்பது ஒன்று. காத்திருப்போரிடம் மறைப்பது முற்றிலும் வேறு. வெளிநாட்டில் உழைக்கும் மகனுக்குத் தங்கை நிக்காஹ் உறுதியானதை ஒரு வாரம் கழித்துச் சொல்லும் வீட்டில் யாருடைய கண்ணுக்கு அஞ்சுகிறார்கள்?

ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு நல்லதாய் இருப்பதில்லை என்பதும் மெய்யே. சங்கரன்கோவில் பூச்சந்தையில் முகூர்த்த நாட்களில் மல்லிகை விலை ஏறும். சுற்றுவட்டாரத்தில் பூச்செடி வளர்ப்பவனுக்கு அது பெருநாள். மகள் திருமணத்திற்குப் பூ வாங்க வந்த தாய்க்கு அது சுமை. மழை பெய்தால் கரிசல் நிலத்துக்காரர் மகிழ்வார். தெருவில் பாவு விரித்த நெசவாளி அதைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார். அடுத்தவரின் மகிழ்ச்சியில் தமக்கு நட்டம் இருந்தும் “மாஷா அல்லாஹ்” என்று சொல்ல முடிகிறதா என்பதே கடினமான சோதனை. நட்டமே இல்லாத இடத்திலும் நாம் பல வேளை அதில் தேறுவதில்லை.

பெரிய செய்திகளிலும் இதே கதிதான். 2009-ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 பேரைப் போலியோ தாக்கியது. உலகில் அவ்வாண்டு கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நம் நாட்டினர். சொட்டு மருந்தைப் பற்றி வட இந்தியாவில் சில இடங்களில் பரவிய வதந்தி வீடு வீடாக நுழைந்தது. அதைப் போக்க ஆலிம்கள் பலர் ஊர் ஊராகப் பேச வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு வந்ததே இயற்கைக் கிருமியால் இந்நாட்டில் நேர்ந்த கடைசிப் போலியோ. 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதியே போலியோ அற்றது என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. நாளிதழ்கள் ஒரு நாள் எழுதின. வதந்தி நுழைந்த வீடுகளுக்குள் இச்செய்தி அதே விரைவோடு நுழைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சொட்டு மருந்து முகாமுக்கு நடந்த தாய்மார் நம் தெருக்களிலும் இருந்தனர். அவர்களில் பலர் இன்று பாட்டிமார். நீங்கள் அன்று நடந்ததால் அந்நோய் நாட்டைவிட்டுப் போயிற்று என்று அவர்களுக்கு எவரும் வந்து சொல்லவில்லை. அடுத்த முறை பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட அவர்கள் மருத்துவமனை வரும்போது, அங்கிருக்கும் செவிலியர் சொல்லலாம். அதுவரை காத்திராமல் வீட்டிலுள்ள மருமகளும் சொல்லலாம்.